ஒரு வட்டாரத்தை வளர்ப்பது எது? மனித மூலதனம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலை, துறைமுகம், தொழிற்பேட்டை என்று பேசினால் எல்லோருக்கும் சட்டென்று பிடிபடுகிறது. மக்களின் திறமை என்று சொன்னதும் பேச்சு பொத்தாம்பொதுவாகிவிடுகிறது. அதைக் கொஞ்சம் கையில் பிடிபடும்படி சொல்லிப் பார்க்கத்தான் இந்தப் பக்கம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு வட்டாரத்தில் எத்தனை பேரிடம் சான்றிதழ் இருக்கிறது என்பதைவிட, அங்கிருப்பவர்களால் உண்மையில் என்ன செய்ய முடிகிறது, அவர்களுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

மனித மூலதனம் என்றால் என்ன?

ஒருவர் படித்தறிந்தது, செய்து செய்து கைவரப்பெற்றது, அவற்றைப் பயன்படுத்த இடம்கொடுக்கும் உடல்நலம், இவை எல்லாம் சேர்ந்ததுதான். ஒரு தறியோ லாரியோ உழைத்துக் கொடுப்பதைப் போல இதுவும் வருமானம் தருகிறது. அவற்றைப் போலவே முன்கூட்டிக் காசும் காலமும் போட்டால்தான் உருவாகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தறியை விற்கலாம், அடகு வைக்கலாம். கற்றதை ஆளிடமிருந்து கழற்றி எடுக்க முடியாது. ஆள் கிளம்பினால் அதுவும் கூடவே கிளம்பிவிடும். வட்டார வளர்ச்சியில் உள்ள பாதிச் சிக்கல் இந்த ஒரு குணத்திலிருந்தே வருகிறது.

இந்த எண்ணம் புதிதல்ல. ஆடம் ஸ்மித் 1776லேயே, மக்கள் கற்றுச் சேர்த்த பயனுள்ள திறமைகளை ஒரு சமூகத்தின் நிலை மூலதனத்தில், அதாவது இயந்திரம், கட்டடம் போல நீண்டகாலம் உழைக்கும் சொத்துகளில், ஒன்றாகக் கணக்கிட்டார். அதைப் பொருளாதாரத்தின் நடுவே கொண்டுவந்தவர் தியடோர் ஷூல்ட்ஸ். 1960இல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் தலைவராக அவர் ஆற்றிய உரையே இதைப் பற்றியதுதான். 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே பாதையில் நடந்த கேரி பெக்கருக்கு 1992இல் கிடைத்தது.

மனிதரை மூலதனம் என்று சொல்வது அவமதிப்பு இல்லையா?

நியாயமான கேள்வி. அன்றைய உரையிலேயே ஷூல்ட்ஸ் இதை எடுத்துப் பேசினார். மனிதரைச் சொத்தாகக் கருதுவது அடிமை முறையை நினைவூட்டுகிறது என்று பலர் தயங்குவதை அவர் அறிந்திருந்தார். தங்களிடமே முதலீடு செய்துகொள்பவர்களுக்குத் தேர்வு செய்யும் வாய்ப்புகள் விரிகின்றன என்பது அவர் சொன்ன பதில். எனக்கு அது சரியாகவே படுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் முன்னால் ஒரு வேலை நிற்கிறது என்றால், தெரிந்தவர் முன்னால் பத்து வேலை நிற்கிறது.

வட்டாரத்தின் வருமானத்தை இது உயர்த்துகிறது என்பதற்கு என்ன ஆதாரம்?

முதலில் ஒரு புதிரிலிருந்து தொடங்கலாம். 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பில் கிடைக்கும் உற்பத்தி இரண்டு மடங்கானது. இயந்திரமும் கட்டடமும் கூடியதால் வந்தது எவ்வளவு என்று 1957இல் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ கணக்குப் போட்டார். எட்டில் ஒரு பங்குதான் தேறியது. மிச்சம் ஏழு பங்கு எங்கிருந்து வந்தது? தொழில்நுட்பம், அறிவு, திறமை என்ற பக்கமாக எல்லோருடைய பார்வையும் திரும்பியதற்கு அந்த மிச்சம்தான் காரணம்.

நாடுகளை விட்டுவிட்டு வட்டாரங்களையே எடுத்துக்கொண்ட பெரிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஜென்னயோலி, லா போர்ட்டா, லோபெஸ்-டி-சிலானெஸ், ஷ்லைஃபர் ஆகிய நால்வரும் 110 நாடுகளைச் சேர்ந்த 1,569 வட்டாரங்களை ஒப்பிட்டார்கள். தட்பவெப்பம், கடலிலிருந்து தொலைவு, இயற்கை வளம், நிர்வாக அமைப்பு, பண்பாடு என்று பலதையும் சேர்த்துப் பார்த்தார்கள். வட்டாரங்களுக்கு இடையிலான வருமான வேறுபாட்டோடு மிக உறுதியாக ஒட்டி நின்றது மக்களின் கல்விதான். அதிலும் ஒரு சங்கதி கவனிக்க வேண்டியது: தொழிலாளர்களின் படிப்பு மட்டுமல்ல, தொழில் நடத்துபவர்களின் படிப்பும் பெரிய அளவில் வேலை செய்திருந்தது. நன்கு கற்ற ஒருவர் நடத்தும் நிறுவனத்தில், அவருக்குக் கீழே வேலை செய்பவர்களின் உழைப்புக்கும் மதிப்பு கூடுகிறது.

சரி, இது எப்படித்தான் நடக்கிறது? படிப்பு எப்படிப் பணமாக மாறுகிறது?

ஒரு லேத் பட்டறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர் வரைபடத்தைப் பார்த்து, அளவு வைத்து, இயந்திரத்தை ஓட்டுகிறார். இருபது வருடம் ஓட்டியவர் பக்கத்து இயந்திரத்தில் நிற்கிறார். புதியவரின் இயந்திரத்தில் டூல் இரும்பை வெட்டும் சத்தம் லேசாகக் கீச்சிடுகிறது. மூத்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் "வேகத்தைக் குறை" என்கிறார். கழன்று விழும் சுருள் வழக்கத்துக்கு மாறாகக் கருநீலம் ஏறினால் சூடு கூடிவிட்டது, டூல் முனை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். புதியவர் இதை இரண்டு மாதத்தில் கற்றுக்கொள்வார். அந்த மூத்தவர் இல்லாத பட்டறையில் கற்க இரண்டு வருடமும், வீணாகிப்போன ஒரு குவியல் உதிரிபாகமும் தேவைப்படும்.

இதில் இரண்டு வேலைகள் நடந்திருக்கின்றன. மூத்தவரின் திறமை அவருக்குச் சம்பளமாகிறது. அது முதல் வழி. இரண்டாவது, அந்தத் திறமை காசு வாங்காமலேயே பக்கத்திலிருப்பவருக்கு வழிந்துபோகிறது. ஒரு தொழில் ஒரே இடத்தில் திரண்டிருந்தால் அதன் நுணுக்கங்கள் காற்றிலேயே மிதப்பதைப் போல ஆகிவிடும், குழந்தைகள்கூடத் தம்மையறியாமல் கற்றுக்கொள்வார்கள் என்று 1890இல் ஆல்ஃபிரட் மார்ஷல் எழுதியது இதைத்தான். 1988இல் ராபர்ட் லூகாஸ் இதையே வளர்ச்சிக் கோட்பாட்டின் மையமாக்கினார். ஒருவரின் உற்பத்தித்திறன் அவருடைய அறிவை மட்டும் பொறுத்ததல்ல, சுற்றியிருப்பவர்களின் சராசரி அறிவையும் பொறுத்தது என்றார். பெரிய நகரங்களில் அவ்வளவு வாடகை கொடுத்து ஏன் குடியிருக்கிறார்கள்? மற்றவர்களுக்குப் பக்கத்தில் இருப்பதற்குத்தானே, என்பது அவர் கேட்ட கேள்வி.

மூன்றாவது வழியை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன்: மாற்றத்தைச் சமாளிப்பது. எல்லாம் வழக்கம்போல நடக்கும் காலத்தில் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அப்பா செய்ததையே மகன் செய்தால் போதும். புதிதாக ஒன்று வரும்போதுதான் வித்தியாசம் வெளியே வருகிறது. இந்தியாவில் பசுமைப் புரட்சி வந்தபோது நடந்ததை ஆண்ட்ரூ ஃபாஸ்டரும் மார்க் ரோசன்ஸ்வைகும் 1996இல் ஆராய்ந்தார்கள். புதிய விதைகள் நன்றாகப் பொருந்திய பகுதிகளில் தொடக்கக் கல்வி பெற்ற விவசாயிகளின் ஆதாயம் மற்றவர்களைவிடக் கூடியது. அப்பகுதிகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் கூடியது. விதையும் உரமும் தண்ணீரும் எந்த அளவில் என்று சோதித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள அந்தக் கொஞ்சம் படிப்பு உதவியிருக்கிறது.

அப்படியானால் பள்ளிக்கூடம் கட்டினால் போதுமா?

கட்டினால் பலன் உண்டு. இந்தோனேசியா எண்ணெய் வருமானத்தைக் கொண்டு 1973-74 முதல் 1978-79 வரை 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. எஸ்தர் டுஃப்லோ பிற்பாடு கணக்கெடுத்தபோது, பள்ளிகள் அதிகம் வந்த வட்டாரங்களின் பிள்ளைகள் கூடுதலாகப் படித்திருந்தார்கள், வளர்ந்து வேலைக்குப் போனபோது கூலியும் கூடுதலாக வாங்கினார்கள். உலக அளவில் சராசரியாக ஒரு கூடுதல் கல்வி ஆண்டு ஒருவரின் வருவாயை ஏறக்குறைய 9 சதவீதம் உயர்த்துகிறது என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு.

ஆனால் போதுமா என்றால், போதாது. லான்ட் பிரிட்செட் 2001இல் ஒரு சங்கடமான உண்மையைச் சுட்டிக்காட்டினார். பல வளரும் நாடுகளில் மக்களின் கல்வி ஆண்டுகள் வேகமாகக் கூடியும் பொருளாதாரம் அதற்கேற்ப வளரவில்லை. சில இடங்களில் படித்தவர்களின் திறமை உற்பத்திக்குப் போகாமல் சலுகை பிடுங்குவதற்குப் போயிருக்கலாம். சில இடங்களில் படித்தவர்களுக்கேற்ற வேலை இல்லை. வேறு சில இடங்களில் பள்ளிக்கூடம் இருந்தது, படிப்பு இல்லை.

கடைசியாகச் சொன்னதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பாடத்தை உரக்கப் படிக்கிறது. எழுத்து எழுத்தாகக் கூட்டி, தடுக்கி, வாக்கியத்தின் கடைசிக்கு வந்துசேர்கிறது. "இதில் யார் யாருக்கு என்ன கொடுத்தார்?" என்று கேட்டால் நிமிர்ந்து பார்க்கிறது. கடைசிச் சொல்லை எட்டுவதற்குள் முதல் சொல் மறந்துபோய்விட்டது. பதிவேட்டில் அதற்கு ஐந்தாண்டுக் கல்வி. உலக வங்கி 2019இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளில் 53 சதவீதம் பேர் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாதவர்கள். பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு அது 70 சதவீதம் அளவுக்குப் போயிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். எரிக் ஹனுஷெக்கும் லுட்கர் வோஸ்மனும் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதுவே: பொருளாதார வளர்ச்சியோடு ஒட்டி நிற்பது பள்ளியில் கழித்த ஆண்டுகளைவிட, தேர்வுகளில் வெளிப்படும் உண்மையான கற்றல்.

உடல்நலத்தை ஏன் இதில் சேர்க்கிறார்கள்?

1910 வாக்கில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்குக் கொக்கிப்புழுத் தொற்று இருந்தது. குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும் புழு அது. ரத்தசோகையும் சோர்வுமாக இருந்த பிள்ளைகளைப் பலர் சோம்பேறிகள் என்றே நினைத்தார்கள். ராக்ஃபெல்லர் நிதியில் இயங்கிய ஆணையம் ஊர் ஊராகப் போய்ப் பரிசோதித்து மருந்து கொடுத்தது. ஹோய்ட் பிளேக்லி பின்னாளில் ஆராய்ந்தபோது, தொற்று கடுமையாக இருந்த பகுதிகளில்தான் பள்ளிக்கு வருவதும் எழுத்தறிவும் வேகமாகக் கூடியிருந்தன. அந்தப் பிள்ளைகள் பெரியவர்களானபோது வருமானமும் கூடியிருந்தது. ஆசிரியர், புத்தகம், கட்டடம் எதுவும் மாறாமலேயே வகுப்பறையில் கற்றல் கூடியது. புழு போனதுதான் மாற்றம்.

எந்த வயதில் செலவு செய்வது நல்லது?

சீக்கிரமாக. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் 1960களில் 123 குழந்தைகளை வைத்து ஒரு முன்பள்ளித் திட்டம் நடந்தது. அவர்களை நடுத்தர வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். ஜேம்ஸ் ஹெக்மனும் அவருடைய குழுவினரும் கணக்கிட்டதில், அதில் போட்ட பணம் சமூகத்துக்கு ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் வரை திரும்பிவந்திருக்கிறது. மூன்று, நான்கு வயதில் கிடைத்த பிடிப்பின் மேல்தான் பின்னால் வரும் கல்வி நிற்கிறது.

படிக்க வைத்தவர்கள் எல்லாம் வெளியேறிவிட்டால்?

இதுதான் எல்லா வட்டாரத் திட்டக்காரர்களின் தலைவலி. செலவு செய்வது ஓரிடம், பலன் அனுபவிப்பது வேறிடம். அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. 1685இல் பிரான்ஸ் தன் புராட்டஸ்டன்ட் குடிகளான ஹியூகனாட்டுகளின் வழிபாட்டு உரிமையைப் பறித்தது. கைவினைத் திறமை மிக்க அவர்களில் பலர் வெளியேறினார்கள். அதே ஆண்டு ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிராண்டன்பர்க்-பிரஷ்யாவின் ஆட்சியாளர் அவர்களை வரவேற்று ஆணையிட்டார். நூற்றாண்டுக்குப் பிறகும், அவர்கள் அதிகம் குடியேறிய ஊர்களின் நெசவு ஆலைகள் கூடுதல் உற்பத்தித்திறனோடு இருந்ததாக எரிக் ஹோர்னுங் காட்டியிருக்கிறார். ஓரிடம் விரட்டிய திறமை இன்னோரிடத்தின் நூற்றாண்டு முதலீடாக மாறியது.

ஆனால் போனவர்கள் போனவர்களாகவே இருப்பதில்லை. அயர்லாந்து 1967இல் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியது. அப்படிப் படித்த தலைமுறையில் ஏராளமானோர் 1980களில் வேலை தேடிக் கப்பலும் விமானமும் ஏறினார்கள். அந்தச் செலவு வீண் என்றுதான் அன்று தோன்றியிருக்கும். 1990களில் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து வேலைகள் பெருகியபோது, படித்த இளைஞர்கள் அங்கே தயாராக இருந்தார்கள்; வெளியே போனவர்களில் பலரும் அனுபவத்தோடு திரும்பினார்கள். தைவானிலும் அப்படித்தான். 1980இல் சிஞ்சூ அறிவியல் பூங்காவை அமைத்துவிட்டு, அமெரிக்காவில் இருந்த பொறியாளர்களை அழைத்தார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்கச் சிப் நிறுவனத்தில் கால் நூற்றாண்டு வேலை செய்த மோரிஸ் சாங் 1985இல் தைவானுக்கு வந்தார். 1987இல் அவர் தொடங்கிய டிஎஸ்எம்சி இன்று, மற்ற நிறுவனங்கள் வடிவமைக்கும் சிப்களை ஒப்பந்தத்தில் செய்துகொடுப்பதில் உலகின் மிகப் பெரிய நிறுவனம்.

ஆகவே கதவைப் பூட்டி ஆட்களை நிறுத்திவைக்கும் யோசனைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. திரும்பி வந்தால் செய்ய ஒரு வேலை இருக்கிறதா என்பதே கேள்வி. அது இல்லாத இடத்தில் கல்லூரிகளை மட்டும் பெருக்கினால், ஊரார் காசில் பேருந்துச் சீட்டு எடுத்துக்கொடுத்தது போலத்தான்.

தொழிற்பயிற்சியா, பட்டமா?

இரண்டும் வேண்டும், ஆனால் முதலாவதை நாம் சீண்டுவதே இல்லை. ஜெர்மனியில் 300க்கும் மேற்பட்ட தொழில்களுக்கு இரட்டைப் பயிற்சி முறை இருக்கிறது. வாரத்தில் சில நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் நிறுவனத்தில் சம்பளத்தோடு வேலை. பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்றரை ஆண்டு. வேலைக்கும் படிப்புக்கும் நடுவே பள்ளம் விழாமல் இது பார்த்துக்கொள்கிறது.

நிறுவனங்கள் தாமாகவே ஏன் பயிற்சி கொடுப்பதில்லை? பெக்கர் இதற்கு நல்ல விளக்கம் தந்தார். எங்கு போனாலும் பயன்படும் திறமையைக் கற்றுக்கொடுத்தால் போட்டி நிறுவனம் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே தங்கள் நிறுவனத்தில் மட்டும் பயன்படும் திறமைக்கே முதலாளி செலவு செய்ய விரும்புவார். தனி ஒரு நிறுவனத்தால் இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. ஒரு வட்டாரத்தின் நிறுவனங்கள் சங்கமாகச் சேர்ந்து செலவைப் பகிர்ந்தால் முடியும். ஆள் பக்கத்து நிறுவனத்துக்குப் போனாலும், அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார்.

ஒரே தொழிலை நம்பியிருந்த வட்டாரம் விழுந்துவிட்டால் மீள முடியுமா?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் 1980களில் உருக்காலைகளை இழந்தது. பல்லாயிரம் பேருக்கு வேலை போனது, மக்கள்தொகை சுருங்கியது. ஆனால் கார்னகி மெலன் பல்கலைக்கழகம், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் இரண்டும் அங்கேயே இருந்தன. மருத்துவம், மென்பொருள், ரோபோட்டிக்ஸ் என்று நகரம் வேறு பக்கம் திரும்ப அவை பிடிமானமாயின. வேலை இழந்த உருக்காலைத் தொழிலாளிக்கு அந்தப் புதிய வேலைகள் கிடைத்தனவா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. நகரத்தின் மீட்சியைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதில் கைத்தொழில் செல்லாக்காசானவருக்கு ஆறு வாரப் பயிற்சி வகுப்பு ஒரு பதில் ஆகாது.

பெண்களும் ஒதுக்கப்பட்டவர்களும் இதில் எங்கே வருகிறார்கள்?

நடுவில் வருகிறார்கள். 1960இல் அமெரிக்க மருத்துவர்களிலும் வழக்கறிஞர்களிலும் 94 சதவீதம் பேர் வெள்ளையின ஆண்கள். 2010இல் அது 62 சதவீதம். அறிவு ஒரே வகை மனிதர்களிடம் மட்டும் பிறப்பதில்லை என்பதால், 1960இல் எத்தனையோ நல்ல மருத்துவர்கள் வேறு ஏதோ வேலையில் அடைபட்டுக் கிடந்தார்கள் என்றுதான் பொருள். சியே, ஹர்ஸ்ட், ஜோன்ஸ், கிளெனோ ஆகியோர் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, அந்த ஐம்பது ஆண்டுகளில் தலைக்கு வந்த உற்பத்தி வளர்ச்சியில் 20 முதல் 40 சதவீதம், திறமை தனக்குரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் வந்தது. புதிதாக யாரையும் பிறப்பிக்கவில்லை. தடையை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

மனித மூலதனத்தை எப்படி அளக்கிறார்கள்?

உலக வங்கி 2018இல் ஒரு குறியீட்டைத் தொடங்கியது. குழந்தை ஐந்து வயது வரை பிழைத்திருத்தல், பள்ளி ஆண்டுகள், தேர்வு மதிப்பெண், வளர்ச்சி குன்றல், பெரியவர்களின் ஆயுள் ஆகியவற்றைச் சேர்த்து 0க்கும் 1க்கும் இடையில் ஓர் எண் தருகிறது. 2020இல் உலகச் சராசரி 0.56. அன்று பிறந்த குழந்தை, முழுக் கல்வியும் முழு உடல்நலமும் பெற்றிருந்தால் எட்டக்கூடிய உற்பத்தித்திறனில் 56 சதவீதத்தைத்தான் எட்டும் என்று அர்த்தம். லேத் பட்டறை மூத்தவரின் காது இந்த எண்ணில் வராது.

கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது. ஒரு வட்டாரம் எங்கே தொடங்கலாம்?

என்னைக் கேட்டால், முதலில் ஒரு கணக்கெடுப்பு. உங்கள் வட்டாரத்துப் பத்து வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். எத்தனை பேரால் முடியவில்லை என்று தெரிந்தபின், வயதைப் பார்க்காமல் வாசிப்பு நிலையைப் பார்த்துக் குழுவாகப் பிரித்துத் தினமும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கலாம். பெரிய செலவில்லாத வேலை. அதே சமயத்தில் அந்தப் பிள்ளைகளின் ரத்தசோகையையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் உள்ளூர்த் தொழில்காரர்களிடம் போய், "ஆள் கிடைக்காமல் காலியாக இருப்பது எந்த வேலை?" என்று கேளுங்கள். திறமையான ஆள் இல்லை என்று பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள். வெல்டரா, கணக்கரா, குளிர்பதன மெக்கானிக்கா, எத்தனை பேர், எப்போது வேண்டும் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். ஓய்வுபெறப் போகிற மூத்த கைகள் யார் யார் என்றும் கேட்டு வையுங்கள். அவர்கள் போவதற்கு இரண்டு வருடம் முன்பே பக்கத்தில் ஓர் இளையவரை நிறுத்திவிட வேண்டும்.